போர்டிகோவிலிருந்து டிவி வரை

எனக்கு மறதி கிடையாது. மன்னிக்கிற பழக்கமும் அவ்வளவாக இல்லை. பிறவிக் குணம் என்று அம்மா சொல்வாள், நானும் அதையே சொல்லிக்கொண்டு திரிகிறேன். ஆறாம் வகுப்பில் என் ஜாமெட்ரி பாக்ஸை ஒளித்து வைத்தவளை இன்றைக்கும் பாலக்கோடு பஸ் ஸ்டாண்டில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன். அது எதற்கென்று அவளுக்கே தெரியாது.

இந்த லட்சணத்தில் என் வேலை என்ன தெரியுமா? பெங்களூரில் இருக்கும் ஒரு கம்பெனிக்கு வீட்டிலிருந்தபடியே வேலை செய்கிறேன். டிவி, மானிட்டர், புரொஜெக்டர் என்று திரை சம்பந்தப்பட்ட கோளாறு எதுவானாலும் வெளிநாட்டுக்காரர்கள் எனக்குப் போன் செய்வார்கள். கம்ப்யூட்டரை டிவியில் மாட்டினேன், படம் வரவில்லை என்று கத்துவார்கள். அவர்கள் வீட்டை நான் பார்த்ததில்லை, டிவியையும் பார்த்ததில்லை. பேசிப் பேசியே சரி செய்து கொடுக்க வேண்டும். எவ்வளவு திட்டினாலும் சிரித்த குரல் மாறக் கூடாது. கம்பெனியில் எனக்குப் பொறுமைசாலி என்று பெயர். அம்மாவிடம் சொன்னால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள்.

எங்கள் ஊர் மாரண்டஹள்ளிக்குப் பக்கம். தார் ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஊர், இந்தப் பக்கம் காலனி. நாங்கள் காலனிக்காரர்கள். ஊருக்குள் நுழைந்ததும் வருகிற முதல் மாடி வீட்டுக்காரரின் தக்காளித் தோட்டத்தில்தான் அப்பா ரொம்ப காலம் வேலை செய்தார். அந்த வீட்டில் எங்களுக்குப் போர்டிகோ வரைக்கும்தான். வராதே என்று யாரும் வாய் திறந்து சொன்னதில்லை. சொல்லாமலே நிற்க வேண்டிய இடத்தில் எல்லாரும் நின்றுவிடுவார்கள்.

அந்த வீட்டுப் பெண்தான் என் தோழி. பாலக்கோட்டில் ஒரே பள்ளிக்கூடம், பிறகு தர்மபுரியில் ஒரே காலேஜ். பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்து சீட். என் டிபன் பாக்ஸை அவள்தான் காலி செய்வாள், அவளுடையதை நான். எங்கள் ஸ்டாப் வந்ததும் அவள் முன்னால் இறங்கிப் போய்விடுவாள், கொஞ்சம் விட்டு நான் இறங்குவேன். அவள் அப்பா பார்த்தால் சத்தம் போடுவார் என்பாள். பாவம், அவள் என்ன செய்வாள் என்று நினைத்துக்கொள்வேன். அவள்மேல் எனக்கு ஒருநாளும் கோபம் வந்ததில்லை. கல்யாணமாகி ஆஸ்திரேலியா போன பிறகும் வாரம் தவறாமல் பேசுவாள். கோபம் எல்லாம் அவள் அப்பாமேல்தான்.

அதற்கு ஒரு நாள் உண்டு. என் சம்பளத்தில் அப்பா அம்மாவுக்கு ஒரு மாடி வீடு கட்டினேன். கிரகப்பிரவேசப் பத்திரிகையைத் தட்டில் வெற்றிலை பாக்கோடு வைத்து அந்த வீட்டுக்கும் கொண்டுபோய்க் கொடுத்தேன், போர்டிகோவில் நின்றுதான். வந்தார். பைக்கில் வந்தார். இன்ஜினை அணைக்காமல், ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு, ரோட்டில் நின்றபடியே அண்ணாந்து பார்த்தார். "வூடு அம்சமா இருக்குது" என்றார். அப்பா டம்ளரில் பாலை எடுத்துக்கொண்டு ரோட்டுக்கே ஓடினார். "சுகருப்பா, வேணாம்" என்று வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். பாலில் நாங்கள் சர்க்கரையே போட்டிருக்கவில்லை. மத்தியானம் பந்திக்குத் தயிர் குறைகிறது என்று மாரண்டஹள்ளிக்கு ஓடினேன். அங்கே பேக்கரி வாசலில் அவர் ஒரு கையில் டீயும் ஒரு கையில் தேங்காய் பன்னுமாக நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்தார். நிதானமாக ஒரு கடி கடித்தார்.

அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். இந்த ஆளை விடக் கூடாது. என்ன செய்வேன், எப்படிச் செய்வேன் என்று மட்டும் தெரியவில்லை.

போன வருடம் வாய்ப்பு தானாக வந்தது. தோழி ஆஸ்திரேலியாவில் வீடு வாங்கிவிட்டாள். கிரகப்பிரவேசம் ஞாயிற்றுக்கிழமை. நம் ஊர் ஜோசியர் நம் ஊர்க் கடிகாரத்துக்குத்தான் நேரம் குறித்துக் கொடுத்திருந்தார், பதினொரு மணிக்குள் பால் பொங்கிவிட வேண்டும். அங்கே அது சாயங்காலமாக இருந்தால் என்ன, ராத்திரியாக இருந்தால் என்ன, நல்ல நேரம் மாரண்டஹள்ளி நேரம்தான். சொந்தக்காரர்கள் எல்லாரும் அவள் அப்பா வீட்டு ஹாலில் உட்கார்ந்து பெரிய டிவியில் பார்ப்பதாக ஏற்பாடு. அவள் அம்மாவுக்குக் கண்ணில் புரை, போனில் காட்டினால் தெரியாது.

"நீ உன் லேப்டாப்ப எடுத்துட்டுப் போயி டிவியில மாட்டிக் குடுத்துடுடி. உன்ன விட்டா எனக்கு யாரு இருக்கா?" என்றாள் போனில்.

"உங்க வூட்டுக்கா?" என்று கேட்டேன்.

"ஆமா. அப்பாகிட்ட சொல்லிட்டேன். கரெக்டா பத்தே முக்காலுக்கு நான் வீடியோ காலுக்கு வந்துடுவேன். ஒயரெல்லாம் வூட்டுலயே ரெடியா இருக்கும். நீ வந்தா மட்டும் போதும்."

சரி என்றேன். அப்போதே மனதுக்குள் திட்டம் போட்டாயிற்று. ஹாலில் மாட்டிய டிவியைப் போர்டிகோவில் நின்று சரி செய்ய முடியாது. உள்ளே போயே தீர வேண்டும். நானாகப் போக மாட்டேன். அந்த மனுஷன், தன் சொந்தபந்தம் அத்தனை பேர் முன்னாலும், தன் வாயால் என்னை உள்ளே வா என்று கூப்பிட வேண்டும். கூப்பிடுகிற வரைக்கும் அந்த டிவியில் படம் வராது. இதில் எனக்குக் கொஞ்சம்கூட உறுத்தல் இல்லை. முதல் நாள் இரவு நன்றாகத் தூங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை நல்ல சுடிதாராகப் போட்டுக்கொண்டு, லேப்டாப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போனேன். கேட்டைத் திறந்ததுமே பார்த்துவிட்டேன். போர்டிகோவில் ஒரு பிளாஸ்டிக் சேர், அதற்கு முன்னால் ஒரு ஸ்டூல். ஸ்டூலுக்கு நேர் மேலே, ஜன்னல் கம்பிக்கு நடுவிலிருந்து ஒரு கறுப்பு ஒயர் தொங்கிக்கொண்டிருந்தது. தொட்டுப் பார்த்தேன். எச்டிஎம்ஐ கேபிள். எட்டிப் பார்த்தால் உள்ளே சோபாவுக்குப் பின்னாலும் சுவர் ஓரமாகவும் வளைந்து வளைந்து டிவி வரைக்கும் போகிறது. பதினைந்து மீட்டராவது இருக்கும். தர்மபுரியில் ஏதோ கடையில் இந்த மனுஷன் அளந்து வாங்கியிருக்கிறார் என்று நினைத்தேன். அத்தனை கோபத்திலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வீட்டுக்குள் விடாமல் இருப்பதற்கு இவ்வளவு மெனக்கெடுவார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

"வாம்மா, உக்காரு. இங்கதான் காத்து நல்லா வரும். உள்ள ஒரே புழுக்கம்" என்றார் அவள் அப்பா. சலவை வேட்டி, நெற்றியில் சந்தனம். உள்ளே இரண்டு ஃபேனும் ஒரு ஏசியும் ஓடுகிற சத்தம் எனக்குக் கேட்டது.

"சரிங்க சார்" என்றேன்.

அவரை நான் எப்படிக் கூப்பிடுவது என்பது பழைய சிக்கல். மற்ற தோழிகளின் அப்பாவை அப்பா என்றே கூப்பிடுவேன். இந்த வீட்டில் அது ரோட்டைத் தாண்டி வராது. எங்கள் அப்பா போல அய்யா என்று கைகட்ட எனக்கு வாய் வராது. அதனால் சார். என் வேலையில் எல்லாருமே சார்தான், திட்டுகிறவனும் சார், தண்ணீர் ஊற்றி டிவியைக் கெடுத்தவனும் சார். அவருக்கு அது பிடித்திருந்தது. தக்காளி மண்டியில் அவரை யாரும் சார் என்று கூப்பிட்டிருக்க மாட்டார்கள்.

லேப்டாப்பை ஸ்டூலில் வைத்து ஒயரைச் செருகினேன். லேப்டாப்பில் டிவியின் பெயர் வந்துவிட்டது. உள்ளே யாரோ, "சிக்னல் இல்லைன்னு காட்டுதுங்க" என்று கத்தினார்கள். என் கம்ப்யூட்டருக்கு டிவி தெரிகிறது, டிவிக்குத்தான் என் கம்ப்யூட்டர் தெரியவில்லை. கோளாறு என்னவென்று எனக்கு அந்த நிமிடமே புரிந்துவிட்டது. அது பெரிய 4கே டிவி. அவ்வளவு துல்லியமான படத்தை இவ்வளவு நீளமான சாதாரண ஒயர் சுமக்காது, பாதி வழியிலேயே விட்டுவிடும். லேப்டாப்பில் படத்தின் அளவைக் குறைத்தால் போதும், சேரை விட்டு எழாமலே சரி செய்துவிடலாம். தினமும் இரண்டு பேருக்காவது இதைச் சொல்லிக் கொடுக்கிறேன். அன்றைக்குச் சொல்லவில்லை.

அதற்குப் பதிலாக என் ஆபீஸ் குரலை எடுத்தேன்.

"சார், கவலைப்படாதீங்க, ஒண்ணொண்ணா பாத்துடலாம். டிவியில சின்னதா ஒரு லைட் எரியுதுங்களா?"

"எரியுதும்மா."

"என்ன கலர் சார்?"

"செவப்பு. இல்ல இரு. செவப்புதான்."

"நல்லா கிட்ட போயி பாத்து சொல்லுங்க சார்."

போனார். ஜன்னல் வழியாக அவர் முதுகு தெரிந்தது. பிறகு சோர்ஸ் பட்டனை அழுத்தச் சொன்னேன். அவர் டிவி ரிமோட்டை விட்டுவிட்டு கேபிள் பெட்டி ரிமோட்டை அழுத்தினார். ஏதோ சீரியலில் மாமியார் ஒருத்தி வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு அழுதாள். உள்ளே எல்லாரும் கொல்லென்று சிரித்தார்கள். அவர் முகம் சிவந்துவிட்டது.

"பரவால்லீங்க சார், எல்லாருக்கும் வர்ற தப்புதான். இன்னொரு ரிமோட்ட எடுங்க" என்றேன் தேன் சொட்டச் சொட்ட.

அடுத்து டிவிக்குப் பின்னால் ஒயரைக் கழற்றி மாட்டச் சொன்னேன். டிவி சுவரோடு சுவராக மாட்டியிருந்தது. ஸ்டூல் போட்டு ஏறி, சுவருக்கும் டிவிக்கும் நடுவில் தலையை நுழைத்து, கையால் துழாவினார். எங்கள் அப்பாவைத் தோட்டத்தில், "டேய், குனிஞ்சு பாருடா, காய் விட்டுப்போச்சு பாரு" என்று வரப்பில் நின்றபடி அதட்டிய மனுஷன் இவர். இன்றைக்கு நான் உட்கார்ந்துகொண்டு, "இன்னும் கொஞ்சம் குனிஞ்சு பாருங்க சார்" என்று சொல்கிறேன், அவர் குனிகிறார். இவ்வளவு சந்தோஷம் எனக்குச் சமீபத்தில் எதிலும் கிடைத்ததில்லை.

"மூணு ஓட்ட இருக்குது, எதுல சொருவறது?" என்று சுவருக்குள்ளிருந்து கேட்டார்.

"ஒண்ணாவதுல மாட்டிப் பாருங்க சார்."

"போவ மாட்டேங்குதும்மா. என்னமோ அடச்சிக் கெடக்குது."

டார்ச் அடித்துப் பார்த்தார்கள். சந்தனம். ஆயுத பூஜைக்கு டிராக்டர், பம்ப் செட், மிக்ஸி, கிரைண்டர் என்று எல்லாவற்றுக்கும் பொட்டு வைக்கிற அவள் அம்மா, டிவிக்கும் வைத்திருக்கிறார். முன்னால் வைத்தால் திரை கறையாகுமே என்று கவனமாகப் பின்னால் வைத்திருக்கிறார். வருடா வருடம் வைத்ததில் ஓட்டை அடைந்து கல்லாகிவிட்டது.

"ஏண்டி, பொட்டு வெக்க எடமே இல்லியா உனக்கு?" என்று அவர் கத்தினார்.

"சாமி பொட்டுதான, அதுல என்னாத்த கெட்டுப்போச்சு?" என்று அந்த அம்மாவும் விடவில்லை.

ஊக்கால் சுரண்டச் சொல்லலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன். அது கரண்ட் சம்பந்தப்பட்டது, வேண்டாம் என்று விட்டுவிட்டேன். என் பழிவாங்கலுக்கும் ஒரு அளவு உண்டு. ஒன்றை விட்டுவிட்டு இரண்டாவதில் மாட்டச் சொன்னேன், பிறகு மூன்றாவதில், பிறகு திரும்பவும் இரண்டாவதில். டிவியை அணைத்துப் போடச் சொன்னேன். மெயின் சுவிட்சை அணைத்துப் போடச் சொன்னேன். ஃபேனும் ஏசியும் நின்று, உள்ளே நிஜமாகவே புழுக்கம் ஏறியது. சொந்தக்காரர்கள் விசிற ஆரம்பித்தார்கள். அவர் தலையில் ஒட்டடையோடு ஜன்னலுக்கு வந்து, "என்னம்மா, ஆவுமா ஆவாதா?" என்றார். தலைமுடியெல்லாம் வியர்வை.

"இங்க ஒக்காந்து பாத்தா சரியா தெரியலீங்க சார்" என்றேன். அவருக்கு அது புரிந்தது. ஒரு நொடி என்னைப் பார்த்தார். டிவிப் பக்கமே திரும்பிப் போய்விட்டார்.

அவருடைய மச்சான் ஒருவர் ஓசூரில் ஏதோ ஃபேக்டரியில் சூப்பர்வைசர். அவர்தான், "மாமா, ஒயரு ரொம்ப நீளம். கம்ப்யூட்டர உள்ள கொண்டாந்துட்டா ஆச்சு" என்றார். சரியான பேச்சு. இதோ கூப்பிடப் போகிறார்கள் என்று துப்பட்டாவைச் சரி செய்துகொண்டு எழுந்தேன். மச்சான் வெளியே வந்து, சிரித்துக்கொண்டே, என் முன்னாலிருந்த லேப்டாப்பைத் தூக்கினார். புத்தகத்தை மூடுவது போல மூடி, கக்கத்தில் இடுக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். எழுந்தவள் எழுந்தபடியே நின்றேன். கம்ப்யூட்டர் உள்ளே, நான் வெளியே. என்னுடைய கம்ப்யூட்டர் போகலாம், நான்தான் போகக் கூடாது. கேட்டைத் திறந்துகொண்டு வீட்டுக்குப் போய்விடலாமா என்று நினைத்தேன். அப்புறம் ஞாபகம் வந்தது, மூடினால் லேப்டாப் பூட்டிக்கொள்ளும். என் விரல் வைத்தால்தான் திறக்கும். உட்கார்ந்துவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் மச்சான் வெளியே வந்தார். "என்னமோ வெரல் வைக்கச் சொல்லுதும்மா" என்று லேப்டாப்பை நீட்டினார். வைத்தேன், திறந்தது. அவர் சந்தோஷமாக அதை வாங்கி, பழக்க தோஷத்தில் மறுபடியும் மூடி, மறுபடியும் கக்கத்தில் வைத்துக்கொண்டு உள்ளே போனார். உள்ளே மறுபடியும் சிரிப்பு, இந்தத் தடவை மச்சானைப் பார்த்து.

அப்புறம் அவள் அம்மாவே வந்தார். பட்டுப் புடவை, கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்க்கிறார். அந்த அம்மாமேல் எனக்குப் பெரிய பகை இல்லை. ஆனால் அன்றைக்கு யாருக்கும் தள்ளுபடி கிடையாது.

"மணி ஆவுதும்மா. பாப்பா வந்துருவா. அந்த வெரல கொஞ்சம் வெச்சுக் குடுத்துடு கண்ணு."

"வெரல மட்டும் அனுப்ப முடியாதுங்களேம்மா" என்றேன். "ஒயர மாத்தணும், செட்டிங் மாத்தணும். நான் உள்ள வந்தாத்தான் ஆவும். சார் கூப்பிட்டாருன்னா வரேன்."

குரலை நான் தாழ்த்தவில்லை. உள்ளே பேச்சு நின்றது. அந்த அம்மா திரும்பிக் கணவரைப் பார்த்தார். அவர் நிலைவாசலுக்கு வந்து நின்றார். அவருக்குப் பின்னால் அத்தனை தலைகள். அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், என் செருப்பைப் பார்த்தார். ஒரே மகள், வீடு வாங்கியிருக்கிறாள், அம்மாவுக்குக் காட்ட வேண்டும் என்று ஆசைப்படுகிறாள். எல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துதான் உட்கார்ந்திருந்தேன்.

"உள்ள வாம்மா" என்றார். பல்லுக்கு நடுவிலிருந்து வந்தது.

"என்னங்க சார்? சரியா கேக்கலீங்க."

சத்தியமாகக் கேட்டது. வெளிநாட்டுக்காரர்கள் கெட்ட வார்த்தை சொல்லும்போது நாங்கள் செய்கிற வேலை இது. இன்னொரு தடவை சொல்ல வேண்டியிருந்தால் குரல் தானாக இறங்கிவிடும்.

"உள்ள வாம்மா, வந்து சரி பண்ணிக் குடு" என்று ஹால் முழுவதும் கேட்கும்படி சொன்னார்.

செருப்பை விட்டுவிட்டு, வலது காலை எடுத்து வைத்துப் போனேன். டைல்ஸ் ஜில்லென்றிருந்தது. சோபாவில் இருந்தவர்கள் நகர்ந்து வழி விட்டார்கள். என் பையில் இருந்த சின்ன கேபிளை எடுத்து இரண்டாவது ஓட்டையில் செருகினேன். லேப்டாப்பை டீப்பாயில் ஹாலைப் பார்க்கும்படி வைத்தேன். விரலை வைத்தேன். சட்டென்று டிவி முழுவதும் வெளிச்சமாகி என் கம்ப்யூட்டர் திரை வந்தது. கை தட்டினார்கள். மச்சான், "பாருங்க, நான் சொன்னேன்ல" என்றார்.

சரியாக அப்போது அழைப்பு வந்தது. எடுத்தேன். தோழியின் முகம் சுவர் அளவுக்கு வந்தது. தலை நிறையப் பூ, பட்டுப் புடவை, பின்னால் அவள் கணவன் பட்டு வேட்டியில், அடுப்பில் மஞ்சள் பூசிய பானை. பூரித்துப் போயிருந்தாள். கேமராவுக்குக் கிட்டத்தில் நான்தான் குனிந்து நின்றேன், அதனால் முதலில் அவள் பார்த்தது என்னை. சிரித்தாள். அப்புறம் எனக்குப் பின்னால் இருந்ததைப் பார்த்தாள். அவள் தாத்தா போட்டோ, ஷோகேஸ், சோபாவில் அவள் பெரியம்மாக்கள். சிரிப்பு அப்படியே நின்றது.

"ஏய், நீ எப்படிடி உள்ள?" என்றாள்.

டிவி ஸ்பீக்கரில் அது கணீரென்று கேட்டது. அவள் குரலில் சந்தோஷம் இல்லை. பதற்றம்தான் இருந்தது.

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் அம்மா முந்திக்கொண்டார். மகள் கோபித்துக்கொள்வாளோ என்ற பயம் அவருக்கு. "நீ சொன்ன மாதிரியேதான் பாப்பா வெளிய சேர் போட்டோம். நீ அனுப்பிச்ச அந்த நீள ஒயரத்தான் ஜன்னல் வழியா இழுத்து வெச்சோம். அதுல படம் வரல. மணி ஆச்சு. அதான் அப்பாவே கூப்புட்டுட்டாரு."

அந்த ஒயர் தர்மபுரியில் வாங்கியது இல்லை. அவள் ஆஸ்திரேலியாவில் உட்கார்ந்துகொண்டு ஆன்லைனில் அனுப்பியது. ஒயர் வாங்குகிறவர்களோடு பேசுவதுதான் என் பிழைப்பு. எல்லாரும் சின்னதாகத்தான் வாங்குவார்கள், அதுதான் முதலில் வரும். பதினைந்து மீட்டர் வேண்டுமென்றால் தேடித் தேர்ந்தெடுக்க வேண்டும். அவளுக்கு அவள் வீடு தெரியும். டிவியிலிருந்து சோபா, சோபாவிலிருந்து ஜன்னல், ஜன்னலிலிருந்து போர்டிகோ. மனதுக்குள் நடந்து நடந்து அளந்திருப்பாள். நான் உட்காரப்போகும் சேர் வரைக்கும் அளந்திருப்பாள். அத்தனை வருடம் நான் அவள் அப்பாவைத் திட்டும்போதெல்லாம் அவள் உச்சுக்கொட்டிக்கொண்டு கேட்டிருக்கிறாள்.

"இல்லடி" என்றாள். நாக்கு குழறியது. "யாருக்கும் சங்கடமா ஆயிடக் கூடாதுன்னுதான்..."

"யாருக்கு?" என்று கேட்டேன்.

அவள் கணவன் பின்னாலிருந்து, "நேரமாயிடும்" என்று மெதுவாகச் சொன்னது மட்டும் கேட்டது. அவள் அப்பாவைப் பார்த்தேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு வேட்டியில் ஒட்டியிருந்த ஒட்டடையை எடுத்துக்கொண்டிருந்தார். காலையிலிருந்து நான் யாரை ஸ்டூலில் ஏற்றி இறக்கினேனோ அந்த ஆள் திடீரென்று எனக்கு ஒன்றுமே இல்லாமல் போய்விட்டார்.

விரல் லேப்டாப்பின் மேல்தான் இருந்தது. அழைப்பைத் துண்டித்துவிட்டு, சின்ன கேபிளைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு போய்விடலாம். பதினொரு மணிக்குள் வேறு யாராலும் எதுவும் செய்ய முடியாது. அப்படிச் செய்தால் அவள் ஒரு நாள் அழுவாள், அம்மாவிடம் என்னைத் திட்டுவாள், அப்புறம் அவள் பக்கம் நியாயம் வந்துவிடும். அந்த நியாயத்தை அவளுக்குக் கொடுக்க எனக்கு மனமில்லை.

பெரியம்மாக்களுக்கு நடுவில், டிவிக்கு நேர் எதிரில் காலியாக இருந்த இடத்தில் போய் உட்கார்ந்தேன். கேமராவுக்கும் அதுதான் நேர். அவள் இந்த ஹாலைப் பார்க்க வேண்டுமென்றால் என்னைப் பார்க்காமல் முடியாது. பெரியம்மா ஒருவர் புடவைத் தலைப்பை இழுத்துக்கொண்டார். இன்னொருவர் அப்படியே இருந்தார்.

"ஆரம்பிங்க" என்றேன்.

அவளிடம் நான் ஒருநாளும் அப்படி மரியாதை போட்டுப் பேசியதில்லை. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். அடுப்பைப் பற்ற வைத்தாள், தீக்குச்சி இரண்டு முறை அணைந்தது. பாலை ஊற்றினாள். பொங்குவதற்குள் நாலைந்து தடவை நிமிர்ந்து பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். பால் பொங்கி வழிந்ததும் இங்கே குலவை போட்டார்கள். அவள் கண்ணிலிருந்து தாரைதாரையாக வழிய ஆரம்பித்தது.

"பாப்பா சந்தோசத்துல அழுவுது பாருங்க" என்று அவள் அம்மா முந்தானையால் தன் கண்ணையும் துடைத்துக்கொண்டார். எல்லாரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். அது சந்தோஷம் இல்லை என்று அவளுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். நான் லேசாகத் தலையை ஆட்டியிருந்தால் போதும், அவளுக்கு மூச்சு வந்திருக்கும். அதற்காகத்தான் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஆட்டவில்லை. அவள் அழுது முடித்து, அடுப்பை அணைக்கும் வரைக்கும் அந்தச் சோபாவிலேயே உட்கார்ந்திருந்தேன்.